பிளாஸ்க் வாங்குகிறவர்கள்

திருச்சிராப்பள்ளி வெயிலில், சூடு ஆறாமல் வைத்திருக்கும் சாமானை விற்கப் போன ஆள் நான். இதைச் சொன்னால் இப்போதும் சிலர் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். சித்திரை மாதத்தில் தெப்பக்குளத்திலிருந்து பெரிய கடைவீதி முடியும்வரை ஒருமுறை நடந்து பார்த்தால், இந்த ஊரில் எதையும் சூடாக வைத்திருக்கத் தனியாக ஒரு பாத்திரம் வேண்டுமா என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அப்போது எனக்குக் கிடைத்த வேலை அது ஒன்றுதான்.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஜவுளிக்கடையை முதலாளியின் பிள்ளைகள் சண்டை போட்டுப் பாகம் பிரித்து மூடிவிட்டார்கள். கொஞ்ச நாள் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்று சும்மா இருந்தவனுக்குத்தான் தெரியும். மதராஸ் கம்பெனி ஒன்று பிளாஸ்க் விற்பதற்கு ஊருக்கு ஒரு ஏஜெண்டு தேடுகிறது என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். வேறு யாரும் எழுதவில்லை போலிருக்கிறது. உடனே எனக்கே கொடுத்துவிட்டார்கள். வைக்கோல் திணித்த மரப்பெட்டிகளில் சரக்கு ரயிலில் வந்து இறங்கியது. பெரிய கடைவீதியில் கண்ணாடிச் சாமான் கடை வைத்திருந்த பாய் ஒருவர், பழைய பழக்கத்துக்காகத் தன் கடையின் பின்கட்டில் அவற்றை அடுக்கிக்கொள்ள இடம் கொடுத்தார்.

அந்த வேலையை நான் அப்படிக் கட்டிப் பிடித்துக்கொண்டதற்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. எனக்குக் கூடப் பிறந்தவள் ஒரே அக்கா. மண்ணச்சநல்லூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அத்தானுக்கு அங்கே அரிசி மில். அக்கா மகள் வயசுக்கு வந்தபோது தாய்மாமன் சீர் நான்தான் கொண்டுபோக வேண்டும். அந்தச் சமயம் பார்த்து என்னிடம் ஒன்றுமில்லை. அத்தான் தானே பட்டுப்பாவாடையும் பழமும் வெல்லமும் வாங்கி, ஊருக்கு வெளியே பிள்ளையார் கோயில் பக்கத்தில் மாட்டுவண்டியோடு கொண்டுவந்து நிறுத்தினார். “மாப்ளே, நீ கொண்டு வந்த மாதிரியே கொண்டு வந்துரு. உங்க அக்காவுக்குக்கூடச் சொல்லல” என்றார்.

அவர் நல்ல மனசோடுதான் செய்தார். அதுதான் தாங்கவில்லை. அவர் வாங்கிய சீரை மேளம் முழங்க அவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். ஊர்ப் பெண்கள் தட்டுகளை எட்டிப் பார்த்து “தாய்மாமன் கொறையில்லாமத்தான் செஞ்சிருக்காரு” என்று சொல்லிக்கொண்டார்கள். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு என் கைக்காசில் வாங்கிய சீரோடு அந்த வீட்டு வாசலில் நிற்பேன், இல்லாவிட்டால் போகவே மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன். என் வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னேன். அவள் “சரி, மொதல்ல சாப்பிடுங்க” என்றாள்.

பிளாஸ்க் ஏஜென்சி எடுத்த புதிதில் மதராஸிலிருந்து கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். அந்த வெயிலிலும் டை கட்டியிருந்தார். பாய் கடையில் உட்கார்ந்து கலர் சோடா குடித்துக்கொண்டே எனக்கு வியாபாரம் சொல்லிக்கொடுத்தார். “எல்லார்கிட்டயும் விக்கப் பாக்காதீங்க சார். மொதல்ல உங்க மார்க்கெட் எதுன்னு கண்டுபிடிங்க. காப்பி குடிக்கிறவங்க, படிச்சவங்க, கையில காசு பொழங்குறவங்க. இது மூணும் சேந்து ஒரே எடத்துல எங்க இருக்கு?”

ஸ்ரீரங்கம் என்றேன். எனக்கு அவர் கை கொடுத்தார்.

மறுநாளே ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். காலையில் வீட்டில் வெந்நீர் கொதிக்க வைத்து ஒரு பிளாஸ்க்கில் ஊற்றி எடுத்துக்கொண்டேன். உச்சி நேரத்தில் உத்தர வீதியில் ஒரு வீட்டு வாசலில் நின்று மூடியைத் திறந்து ஊற்றிக் காட்டினேன். ஆவி பறந்தது. ரிட்டையரான மாமா ஒருவர் விரலை விட்டுப் பார்த்துச் சுட்டுக்கொண்டு “பேஷ், பேஷ்!” என்றார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டார். தெருவில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். கோயில் யானைக்குக்கூட அவ்வளவு கூட்டம் கூடியிருக்காது. நான் மனசுக்குள் சீர்த்தட்டில் பட்டுப்புடவையை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது உள்ளேயிருந்து அந்த வீட்டு மாமி வந்தார். ஈரப் புடவை, மடி. தள்ளி நின்றபடியே கேட்டார்.

“ஏம்ப்பா, இதுக்குள்ள கை போகுமோ?”

“கை போகாதுங்க மாமி. உள்ள கண்ணாடி. வெந்நீர் ஊத்தி அலசினாப் போதும்.”

“கை போகலேன்னா எப்படிப் புளி போட்டுத் தேய்க்கறது? நேத்திக்கு ஊத்தினது உள்ளேயே நின்னுடாதோ? பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணாம இந்த ஆத்துல ஒரு சொட்டுப் பால் எடுக்கமாட்டோம். அதை இதுல அடைச்சு வச்சுட்டு எவ குடிக்கறது? சூடா வேணும்னா அடுப்பு இருக்கே. நானும் இருக்கேனே.”

மாமா விரலை ஊதிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கூட்டமும் கலைந்தது. நான் பிறகும் பல தெருக்களில் ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் ஆண்கள் விரலை விட்டுப் பார்த்தார்கள், எல்லா வீட்டிலும் பெண்கள் கை போகுமா என்று கேட்டார்கள். காசு இருந்தது, காப்பி இருந்தது, படிப்பும் இருந்தது. கம்பெனிக்காரர் சொன்ன மூன்றும் ஒரே வீதியில்தான் இருந்தன. சமையலறையை யார் ஆள்கிறார்கள் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இத்தனைக்கும் நான் கல்யாணம் ஆனவன்.

அதற்கப்புறம் நான் போகாத இடமில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் வாசலில் ஷிப்டு மாறும்போது நின்றேன். தொழிலாளிகள் சைக்கிளை நிறுத்தாமலே விலை கேட்டு, நிறுத்தாமலே போனார்கள். சமயபுரத்துக்குப் போனேன். அம்மனுக்கு நேர்ந்துகொண்டு மைல் கணக்கில் நடந்து வருகிற சனங்களுக்கு வழியில் குடிக்க ஏதாவது வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். நெரிசலில் ஒரு கிழவர் இடித்ததில் என் பையிலிருந்த பிளாஸ்க்குகள் உள்ளுக்குள்ளேயே நொறுங்கின. வெளியே ஒரு கீறல் இல்லை, ஆட்டினால் மட்டும் சலங்கைச் சத்தம். நடந்து வந்த சனங்களுக்கு வேண்டியதும் மோர்தான். திருவெள்ளறைப் பக்கம் வயலில் இருந்த ஒருவரிடம் காட்டினேன். நிதானமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆறினாத்தாங்க எங்களால குடிக்க முடியும். ஆறாம இருக்கறதுக்குக் காசு வேற குடுக்கணுமா?” என்றார். நியாயமான கேள்வி. அவர் கொடுத்த நீராகாரத்தைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

கால் வலியை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. பையின் வார் தோளில் பதிந்து தழும்பாகிவிட்டது. எதைத் தின்றாலும் பிளாஸ்க் மூடியின் கார்க் வாசனை அடித்தது. எத்தனை விற்றது என்று கம்பெனியிலிருந்து மாதம் தவறாமல் கேட்டு எழுதினார்கள். பாய் ஒன்றும் கேட்கமாட்டார். நான் கடைக்குள் நுழைகிற நடையைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். “ஒக்காருங்க, டீ சொல்றேன்” என்பார். அக்கா வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று சேதி வந்தது.

மார்க்கெட்டை நான் கண்டுபிடித்தேன் என்று கம்பெனிக்காரர்கள் பிற்காலத்தில் எல்லோரிடமும் சொன்னார்கள். நான் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. புத்தூர் பக்கம் சுற்றிவிட்டு நடக்க முடியாமல், ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே வேப்பமர நிழலில் பையை இறக்கி வைத்து உட்கார்ந்தேன். பக்கத்தில் டீக்கடை. ஒருவர் பித்தளைச் சொம்பில் பால் வாங்கி, துண்டால் சுற்றி, ஓட்டமும் நடையுமாக ரோட்டைத் தாண்டி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அதே சொம்போடு திரும்பி வந்தார். “வார்டு கடேசில இருக்குங்க. போறதுக்குள்ள ஆறிடுது. ஆறினா அவ குடிக்க மாட்டேங்குறா” என்று டீக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, சூடு பண்ணித் தரச்சொல்லி நின்றார். என் பையிலிருந்து தலை நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவராகத்தான் கேட்டார். அவராகத்தான் வாங்கினார்.

அதற்குள் மரத்தடியில் கோரைப்பாய் விரித்திருந்த வேறு இரண்டு குடும்பத்துக்காரர்கள் எழுந்து வந்தார்கள். பொழுது சாயுமுன் பை காலி. நான் சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால், ஆமாம், அன்றைக்குப் பட்டேன். பாய் கடைக்குள் போனதும் அவர் என் நடையைப் பார்த்துவிட்டு “எங்க வித்துச்சு?” என்றார். சொன்னேன். “அல்லா பெரியவன். ஆனா அந்த எடத்துல நல்லா யாவாரம் நடக்கணும்னு நான் எப்படிங்க துவா கேக்குறது?” என்றார்.

அதன் பிறகு தினமும் புத்தூர்தான். மரத்தடியில் சாக்கை விரித்து பிளாஸ்க்குகளை வரிசையாக நிற்க வைப்பேன். போகப் போக, யார் வாங்குவார், யார் வாங்கமாட்டார் என்பது எனக்குப் பழகிவிட்டது. பிரசவத்துக்கு வந்தவர்கள் வாங்கமாட்டார்கள். அவர்களுக்கு வீட்டிலிருந்து கேரியர் கேரியராக வந்துகொண்டே இருக்கும். புதிதாக வந்து சேர்ந்தவர்களும் வாங்கமாட்டார்கள். “ரெண்டு நாள்ல அனுப்பிருவாங்களாமுங்க, எதுக்கு வெட்டிச் செலவு” என்பார்கள். வீட்டுச் சொம்பை வைத்துக்கொண்டு சமாளிப்பார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்பதை டீக்கடையில், பஸ் நிறுத்தத்தில், என்னிடம், பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார்கள். ஒரு நாள் அப்படிச் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். பேசாமல் வந்து டீ குடித்துவிட்டுப் பேசாமல் போவார்கள். அதற்கு மறுநாளோ மறுநாளுக்கு மறுநாளோ என் சாக்குக்கு முன்னால் வந்து குனிவார்கள். விலை பேசமாட்டார்கள்.

இதுதான் என் மார்க்கெட். நான் கூவ வேண்டியதில்லை, ஆவி பறக்கக் காட்ட வேண்டியதில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். வாங்கப் போகிறவர் யார் என்று அவருக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அந்த அறிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை. வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்காது. என் வீட்டுக்காரியிடம் சொன்னால் அவள் காதைப் பொத்திக்கொள்வாள். எங்கள் வீட்டில் ஒரு பிளாஸ்க்கைக்கூட அவள் புழக்கத்தில் வைக்க விடவில்லை.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன பிளாஸ்க்கை யாருமே வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. உடம்பு தேறிக் கிளம்புகிறவர்கள் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தேறாதவர்களின் ஆட்கள் மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். அவற்றை டீக்கடைக்காரர் எடுத்துக்கொள்வார். மெதுவாக ஊர் முழுக்க அது ஆஸ்பத்திரிச் சாமான் என்று ஆகிவிட்டது. யார் கையிலாவது பிளாஸ்க்கைப் பார்த்தால் “யாருக்கு உடம்பு சரியில்ல?” என்று கேட்கிற வழக்கம் வந்துவிட்டது. முகூர்த்த மாதத்தில் பாய் தன் கடை அலமாரியில் சில பிளாஸ்க்குகளைப் பரிசுக்கென்று எடுத்து வைத்துப் பார்த்தார். ஒருவரும் தொடவில்லை. “அத உள்ள எடுத்து வைங்க பாய், நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம்” என்று ஒரு அம்மாள் கடிந்துகொண்டாராம்.

டை கட்டிய மனிதர் மறுபடியும் வந்தார். மரத்தடிக்கே வந்து பார்த்தார். “பிரமாதம் சார்! மத்த ஊர் ஏஜெண்டுங்களுக்கெல்லாம் உங்களத்தான் உதாரணம் சொல்றோம். எல்லாரையும் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகச் சொல்லியிருக்கோம்” என்றார். எனக்குப் பரிசாகக் கம்பெனியின் உசந்த ரகத்தில் ஒன்றைக் கொடுத்தார். சிவப்பு மேனியில் வெள்ளைப் பூப்போட்டது, மூடி பளபளவென்றிருக்கும். அவ்வளவு அழகான பிளாஸ்க்கை நான் விற்றதே இல்லை.

அக்கா மகளுக்கு லால்குடியில் மாப்பிள்ளை முடிவாயிற்று. இந்தத் தடவை என்னிடம் காசு இருந்தது. பட்டுப்புடவை எடுத்தேன், மோதிரம் செய்தேன், தேங்காயும் பழமும் கற்கண்டும் தட்டுத் தட்டாக வாங்கினேன். எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, கடைசியில் அந்தச் சிவப்பு பிளாஸ்க்கை எடுத்துப் புடவைத் தட்டில் வைத்தேன். என் வீட்டுக்காரி பதறிவிட்டாள்.

“இது வேண்டாமேங்க.”

“நாம சாப்புடுற சோறு இதுலதான் வருது. அத மறைச்சுட்டு மத்ததை மட்டும் காட்டுறதா?”

ஊர் என்ன நினைக்கும் என்று எனக்குத் தெரியாமலில்லை. வீம்புதான். யாரோ வாங்கிய சீரை ஒருமுறை சுமந்தவன் நான். இந்த முறை இது என்னுடையது என்று ஊருக்குத் தெரிய வேண்டும், அதற்கு அந்தத் தட்டில் என் சரக்கே இருக்க வேண்டும் என்று பட்டது. அதே பிள்ளையார் கோயிலில் இறங்கி, மேளத்தோடு நடந்தோம். இந்த முறை என் தலை நிமிர்ந்திருந்தது.

பந்தல் வாசலில் அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் புடவைத் தட்டைப் பார்த்தாள். ஆரத்தியைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு, சட்டென்று பிளாஸ்க்கை எடுத்து முந்தானைக்குள் மறைத்து என் வீட்டுக்காரியிடம் தள்ளினாள். “உள்ள கொண்டு வராத, வண்டியிலயே வச்சிரு” என்றாள். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

“ஒம்மேல கோவம் இல்லடா தம்பி. நல்ல காரியம் நடக்குற எடம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாத்தா, யாருக்கு என்ன சீக்குன்னு கேப்பாங்க.”

மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். லால்குடிப் பெண்கள் இரண்டு பேர் தலையைச் சேர்த்து வைத்து என்னவோ பேசிக்கொண்டார்கள். நான் தாய்மாமன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அத்தான் இலைக்கு முன்னால் வந்து குனிந்து “சீர் பிரமாதம் மாப்ளே, ஒரு கொறையும் இல்ல” என்றார். வாசலில் நடந்தது அவருக்குத் தெரியும். எனக்கு அவமானமாக இருந்தது. அக்கா மேல் கோபம் வந்தது. அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை என்பதால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

அதற்குப் பிறகு நான் மண்ணச்சநல்லூருக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். பொங்கலுக்கு அக்கா வீட்டிலிருந்து புது அரிசி மூட்டை வரும். நான் யாரிடமாவது கரும்பும் மஞ்சள் கொத்தும் கொடுத்தனுப்புவேன். பேச்சு வார்த்தையில் குறையில்லை, அவ்வளவுதான். அந்தச் சிவப்பு பிளாஸ்க் பாய் கடையின் பின்கட்டில் ஒரு பெட்டிக்குள் வைக்கோலில் கிடந்தது. விற்க மனசு வரவில்லை.

அப்படியே சில வருஷம் போயிற்று. ஒரு மார்கழிக் காலை, மரத்தடியில் சரக்கை அடுக்கிவிட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பித்தளைச் சொம்பைத் துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஒரு பொம்பளை ரோட்டைத் தாண்டினாள். புதுசு, வாங்கமாட்டாள் என்று பழக்கத்தில் மனசு சொல்லிவிட்டது. அதற்கப்புறம்தான் அது அக்கா என்று தெரிந்தது.

அவளே என்னிடம் வந்தாள். “உங்க அத்தானுக்கு வயித்துல வலிடா. நேத்து ராவு கொண்டாந்து சேத்தோம். பெரிய டாக்டரு வந்து பாத்தாரு. ரெண்டு நாள்ல அனுப்பிருவேன்னு சொல்லிட்டாரு” என்றாள். சாக்கில் வரிசையாக நின்ற பிளாஸ்க்குகளின் பக்கம் அவள் கண் போகவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் “பால் ஆறிடும்மா” என்று சொல்கிற வாய் அது.

அன்று மாலை வார்டுக்குப் போய் அத்தானைப் பார்த்தேன். இளைத்திருந்தார். ஆனால் கிண்டல் குறையவில்லை. “என்ன மாப்ளே, யாவாரம் எப்படி? உங்க அக்கா எனக்கு ஆறின பாலாக் குடுத்துக் கொல்றா. வாசல்ல பிளாஸ்க் கடையே வச்சிருக்க. எனக்கு ஒண்ணு குடேன். ஒரு வாய் காப்பி சூடாக் குடிக்கணும்னு இருக்கு.”

அக்கா குறுக்கே விழுந்தாள். “எதுக்கு? நாளைக்கோ மறுநாளோ வீட்டுக்குப் போயிருவோம். வீட்டுல கொதிக்கக் கொதிக்கப் போட்டுத் தரேன்.”

ஒரு பிளாஸ்க் காப்பி கொண்டுபோய்க் கொடுப்பது எனக்கு என்ன பெரிய காரியம்? கையெட்டும் தூரத்தில் சரக்கு. டீக்கடைக்கு நாலு எட்டு. ஆனால் முடியவில்லை. அவர் கேட்பது ஒரு வாய் சூடான காப்பிதான் என்று தெரியும். ஆனால் இந்த மரத்தடியில் பிளாஸ்க் வாங்கினவர்கள் யார், எப்போது வாங்கினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அக்கா சொம்போடு வருகிற வரைக்கும் பயமில்லை என்று நானாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். டம்ளரில் காப்பி வாங்கி மூடி எடுத்துக்கொண்டு ஓடினேன். வார்டுக்குள் போவதற்குள் ஆறிவிட்டது. அத்தான் குடித்துவிட்டு “நல்லாருக்கு மாப்ளே” என்று பொய் சொன்னார்.

தினமும் காலையில் வாசலைப் பார்த்துக் காத்திருப்பேன். பித்தளைச் சொம்பு தெரிந்தால் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கும். அக்கா வருவாள், டாக்டர் சொன்னதைச் சொல்லுவாள். படம் எடுக்கணுமாம், எடுத்தாச்சாம், மருந்து மாத்தியிருக்காங்களாம், இந்த வாரத்துக்குள்ள அனுப்பிருவாங்களாம். வியாபாரத்தில் எனக்குப் புத்தி போகவில்லை. யாராவது குனிந்து பிளாஸ்க்கை எடுத்தால் காசை வாங்கிப் போட்டுக்கொண்டு, மறுபடி வாசலைத்தான் பார்ப்பேன்.

ஒரு நாள் அக்கா வந்தாள், சொம்பில் பால் வாங்கினாள், என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடி “டாக்டர் என்னக்கா சொன்னாரு?” என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்று முழுக்க மரத்தடியில் உட்கார்ந்து, நாளைக்கு அவள் என்னிடம் வரக்கூடாது என்று சமயபுரத்தாளை வேண்டிக்கொண்டேன். யாரும் என்னிடம் வாங்கக்கூடாது என்று அந்த வியாபாரத்தில் நான் வேண்டிக்கொண்டது அதுதான் முதலும் கடைசியும்.

மறுநாள் காலை அவள் கையில் சொம்பு இல்லை. நேராக என் சாக்குக்கு முன்னால் வந்து நின்றாள்.

“அன்னைக்குத் தட்டுல வச்சியே, செவப்புல பூப்போட்டது. அது இருக்காடா?”

“இருக்குக்கா.”

“அதக் குடு. அவரு சூடாக் குடிக்கட்டும்.”

கடையை அப்படியே போட்டுவிட்டு பஸ் பிடித்து பெரிய கடைவீதிக்கு ஓடினேன். பாய் என் முகத்தைப் பார்த்தார். தானே பெட்டியை உடைத்து வைக்கோலைத் தட்டி எடுத்துக் கொடுத்தார். டீக்கடையில் வெந்நீர் விட்டு அலசி, பாலில் கெட்டியாகக் காப்பி போட்டு நிரப்பிக் கொண்டுவந்தேன். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் மரத்தின் பின்பக்கம் போய் நின்று அழுதேன்.

அத்தான் சூடாகக் குடித்தார். அடுத்தடுத்த நாட்களிலும் குடித்தார். “இத்தன நாளா இத ஒளிச்சு வச்சிருந்தியா மாப்ளே” என்று என்னைக் கேட்டார். தை பிறக்கும் முன்னால் அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் மண்ணச்சநல்லூருக்குப் போனேன். மில் சத்தம் இல்லாமல் அந்த வீடே வேறு வீடாக இருந்தது. அக்கா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் அவள் சீதனமாகக் கொண்டுவந்த பித்தளைப் பாத்திரங்கள் வரிசையாக இருக்கும் பலகையில், நடுவில் அந்தச் சிவப்பு பிளாஸ்க் நின்றது.

“இத ஏன்க்கா வீட்டுக்குள்ள கொண்டாந்த? எல்லாரும் அங்கேயே விட்டுட்டுத்தான போவாங்க.”

“தாய்மாமன் சீருடா அது” என்றாள். “அன்னைக்கு ஊருக்குப் பயந்து எடுத்து மறைச்சேன். இப்ப எப்படி விட்டுட்டு வர்றது?”

எழுந்து பிளாஸ்க்கை எடுத்து, மூடியில் காப்பி ஊற்றி என் கையில் கொடுத்தாள். விடியற்காலையில் போட்டதாம். சூடாக இருந்தது. இத்தனை வருஷம் விற்றிருக்கிறேன், அந்தச் சாமானிலிருந்து ஒரு வாய் நான் குடித்தது அன்றைக்குத்தான்.